கிழக் குதிரைக்குப் பிரீமியம் கட்டலாமா?

பிரிட்டனில் குதிரை வளர்ப்பவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை காப்பீட்டு நிறுவனத்திலிருந்து புதுப்பிப்புக் கடிதம் வரும். குதிரை இளையதாக இருக்கும்வரை அதைப் பிரித்துப் பார்க்காமலே பணம் கட்டிவிடுவார்கள். குதிரைக்கு 15 வயதானதும் கதை மாறுகிறது. பிரீமியம் ஏறியிருக்கும், கொடுப்பதாகச் சொன்ன பாதுகாப்பு குறைந்திருக்கும், கடைசிப் பக்கத்தில் புதிதாக நாலு விலக்குகள் முளைத்திருக்கும். குதிரையோ சேணம் பூட்டி மாதக்கணக்காகியிருக்கும். மேய்ச்சல் நிலத்தில் நின்று புல்லைத் தின்றுகொண்டிருக்கும். இதற்குப் பணம் கட்டத்தான் வேண்டுமா என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஓய்வுக்காலம் நீளமானது. நல்ல பராமரிப்பில் இருக்கும் குதிரை 25 வயதைச் சாதாரணமாகத் தொடுகிறது. 30 ஆனால் யாரும் வியப்பதில்லை. மான்செஸ்டர் பக்கம் கால்வாய்ப் படகுகளை இழுத்துப் பிழைத்த ‘ஓல்டு பில்லி’ 1760இல் பிறந்து 1822இல், 62 வயதில் செத்தது. அதன் மண்டையோடு இன்றும் மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை விதிவிலக்கென்று தள்ளிவிடலாம். கிராண்ட் நேஷனல் பந்தயத்தை மூன்று முறை வென்ற ‘ரெட் ரம்’ 1978இல், 13 வயதில் பந்தயத்தை விட்டது. அதன்பின் 17 ஆண்டு வாழ்ந்து 1995இல்தான் இறந்தது. அது கடைத் திறப்பு விழாக்களில் தலைகாட்டித் தன் கொள்ளுக்குத் தானே சம்பாதித்துக்கொண்டது என்பது வேறு விஷயம். சாதாரணக் குதிரைக்கு அந்த வரும்படி கிடையாது. ஆக, ஓய்வு என்பது பத்துப் பதினைந்து ஆண்டுச் செலவு.

குதிரைக் காப்பீடு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது ஒரே சரக்கு அல்ல. சாவு, திருட்டு, மருத்துவச் செலவு, வேலைக்கு லாயக்கில்லாமல் போவது, மற்றவர்களுக்கு நேரும் சேதம், சேணம் கடிவாளம் தொலைவது என்று ஐந்தாறு பொட்டலங்களை ஒரே பையில் போட்டு விற்கிறார்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து விலை கேட்காதவரை இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. மொத்தமாக ‘எடுக்கலாமா, விடலாமா’ என்று கேட்பதால்தான் பாதிப் பேர் வேண்டாததற்குப் பணம் கட்டுகிறார்கள். மீதிப் பேர் வேண்டியதையும் சேர்த்துக் கைவிடுகிறார்கள்.

நம்மூரில் கறவை மாட்டுக்குக் காப்பீடு எடுத்தவர்களுக்கு இதில் ஒரு வேறுபாடு உடனே புரியும். மாட்டின் காதில் வில்லை குத்தி, கால்நடை மருத்துவர் மதிப்புப் போட்டு, மாடு செத்தால் அந்தத் தொகையைக் கொடுக்கிறார்கள். வில்லை இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை. பொதுவாகப் பத்து வயதைத் தாண்டிய மாட்டை எடுத்துக்கொள்வதும் இல்லை. அங்கே காக்கப்படுவது மாட்டின் விலை. அதாவது பிழைப்புக்கான முதல். ஓய்வுபெற்ற குதிரையிடம் அந்த முதலே தீர்ந்துபோயிருக்கிறது. சந்தைக்குக் கொண்டுபோனால் கேட்பாரில்லை. ஆனால் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், பத்தாயிரம் பவுண்டுக்கு வாங்கிய போட்டிக் குதிரைக்கும் இதற்கும் ஒரே பில்தான்.

அதனால் முதலில் கழித்துக்கட்ட வேண்டியது மரணக் காப்பீடு. பாலிசியில் 3,000 பவுண்டு என்று பழைய மதிப்பை எழுதி வைத்திருந்தாலும், பல பாலிசிகளில் நிறுவனம் கொடுப்பது அந்தத் தொகையையோ, இறக்கும் வேளையில் இருந்த சந்தை மதிப்பையோ, எது குறைவோ அதைத்தான். 22 வயதுக் குதிரையின் சந்தை மதிப்பு என்னவாக இருக்கும்? போதாததற்குக் கருணைக்கொலை பற்றிய ஒரு நிபந்தனையும் இருக்கிறது. பிரிட்டிஷ் குதிரை மருத்துவர் சங்கம் இதற்கென்று ஒரு வரையறை வகுத்திருக்கிறது. காயமோ நோயோ தீராத, தாங்க முடியாத வலியைத் தந்து, வேறு சிகிச்சைக்கு வழியே இல்லாமல், அந்தக் கணமே முடித்துவைக்க வேண்டிய நிலை இருந்தால்தான் மரணக் காப்பீட்டின்படி பணம். கிழக் குதிரைகள் பெரும்பாலும் அப்படிச் சாவதில்லை. மூட்டுவாதம் முற்றி, குளிர்காலத்தில் படுத்தால் எழ முடியாமல் தவிக்கிறது, இன்னொரு பனிக்காலத்தை இது தாங்காது என்று உரிமையாளரும் மருத்துவரும் கூடிப்பேசி அக்டோபரில் முடிவெடுப்பார்கள். அது சரியான, கருணையுள்ள முடிவு. ஆனால் அது அந்த வரையறைக்குள் வராது. நிறுவனத்தின் முன் அனுமதி இல்லாவிட்டால் இழப்பீடும் வராது. வேலைக்கு லாயக்கில்லாமல் போவதற்கான காப்பீட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். வேலையை விட்ட குதிரைக்கு அதை யாரும் விற்பதில்லை.

மருத்துவச் செலவுதான் விவாதத்துக்குரியது. இங்கே வயது ஒரு சுவராக நிற்கிறது. நோய், விபத்து இரண்டையும் சேர்த்துத் தரும் முழுப் பாதுகாப்பைப் பல நிறுவனங்கள் 15இலிருந்து 20 வயதுக்குள் ஏதோ ஓரிடத்தில் நிறுத்திவிடுகின்றன. அதன்பின் ‘வெட்டரன்’ என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் விபத்துக் காயத்துக்கு மட்டுமான பாலிசி. முதுமையின் நோய்கள் அத்தனையும் அந்தச் சுவருக்கு வெளியே போய்விடுகின்றன. லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 வயதுக்கு மேற்பட்ட 200 குதிரைகளை நேரில் பரிசோதித்தபோது பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றுக்குப் பல்லில் கோளாறு இருந்தது. உரிமையாளர்களில் பெரும்பாலோர் அதை அறிந்திருக்கவே இல்லை. வெள்ளைச் சாம்பல் நிறக் குதிரை என்றால் 15 வயதுக்குமேல் பெரும்பாலானவற்றுக்கு வாலடியில் கறுப்புக் கட்டிகள் வந்துவிடுகின்றன. முதிய குதிரைக்கு ‘முழு ஆரோக்கியம்’ என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. காப்பீட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சுவருக்குள் இன்னும் இருப்பவர்களும் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. குஷிங் நோயை எடுத்துக்கொள்வோம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கட்டுத்தறியவிழ்ந்து ஹார்மோனைச் சுரந்து தள்ளும் நோய் இது. 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு வருகிறது. கோடை வந்தும் உதிராத சுருட்டை மயிர், கரைந்து இறங்கும் முதுகுச் சதை, காரணம் தெரியாமல் வரும் குளம்பு அழற்சி ஆகியவை அறிகுறிகள். ரத்தத்தில் ஏசிடிஹெச் அளவைப் பார்த்து உறுதிசெய்கிறார்கள். மருந்து பெர்கோலைடு மாத்திரை. ஆப்பிள் துண்டில் ஒளித்துவைத்துக் கொடுப்பார்கள், கெட்டிக்காரக் குதிரை ஆப்பிளைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பும். தினமும் ஒன்று, சிலவற்றுக்கு இரண்டு, ஆயுள் முழுக்க. ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு ஆகும். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஒரு நோய்க்கு 12 மாதம்தான் பணம் தரும். பதின்மூன்றாம் மாதம் அந்த நோய் விலக்குப் பட்டியலில் ஏறிவிடும். குளம்பு அழற்சியையும் அதனுடன் சேர்த்தே ஏற்றிவிடுவார்கள். முதல் ஆண்டின் செலவைக் கொடுத்துவிட்டு, அடுத்த பத்தாண்டுக்கும் அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கும் ஏற்பாடு இது.

இப்படி ஒவ்வொரு கிளைமும் ஒரு கதவைச் சாத்திவிடுகிறது. இடது முன்காலில் மூட்டு வீங்கியது என்று பணம் வாங்கினால், அடுத்த ஆண்டு இரண்டு முன்கால்களையும் விலக்கிவிடும் நிறுவனங்கள் உண்டு. ஒரு காலில் வந்தது மறுகாலிலும் வரும் என்பது அவர்கள் வாதம், மருத்துவப்படி அது பொய்யும் அல்ல. ஒவ்வொரு கிளைமிலும் முதல் சில நூறு பவுண்டு உரிமையாளரின் கையிலிருந்து போக வேண்டும். முதிய குதிரை என்றால் அதற்குமேல் பில்லில் ஒரு சதவீதத்தையும் அவரே ஏற்க வேண்டும் என்று சேர்க்கிறார்கள். தடுப்பூசி, பல் தேய்ப்பு, லாடம் எதுவும் கணக்கில் வராது. பிரீமியத்தின் மேல் 12 சதவீத வரி வேறு. இத்தனையும் கழித்த பிறகு மிச்சமிருப்பதைத்தான் ‘பாதுகாப்பு’ என்று வாங்குகிறோம்.

அப்படியானால் யாருக்குமே பயனில்லையா என்றால், இருக்கிறது. எல்லோரும் சுட்டிக்காட்டும் இடம் வயிற்றுச் சூலை, அவர்கள் சொல்லும் ‘கோலிக்’.

இரவு பத்து மணிக்கு லாயத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போகிறவர், குதிரை தீனியைத் தொடாமல் நிற்பதைக் கவனிக்கிறார். முன்காலால் தரையைக் கீறுகிறது, விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுக்கிறது, எழுகிறது, கழுத்தெல்லாம் வியர்வை. மருத்துவர் வந்து வலி ஊசி போட்டு, மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டு, தோள்வரை நீண்ட கையுறை மாட்டிக் குடலைத் தடவிப் பார்க்கிறார். பெரும்பாலான சூலை இந்த அளவிலேயே தணிந்துவிடும். பில் சில நூறு பவுண்டோடு போகும். ஆனால் கிழக் குதிரைகளுக்கென்றே ஒரு சூலை இருக்கிறது. குடலைத் தாங்கும் சவ்வில் ஆண்டுக்கணக்காக ஒரு கொழுப்புக் கட்டி காம்பு விட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கட்டியால் ஒரு கெடுதலும் இல்லை. ஒருநாள் அந்தக் காம்பு சிறுகுடலைச் சுற்றி இறுக்கிவிட்டால், ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகத் தொடங்கும். அங்கே இரண்டே வழிகள்: அந்த இரவே வண்டியில் ஏற்றி அறுவைக்குக் கொண்டுபோவது, அல்லது அந்த இரவே முடித்துவைப்பது.

அறுவைச் செலவு 5,000 பவுண்டிலிருந்து 10,000 பவுண்டு, சிக்கலானால் அதற்கும் மேல். நம் பணத்தில் ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சத்தைத் தாண்டும். வயதானது என்பதாலேயே அறுவை வீண் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது சரியல்ல. சிறுகுடல் இறுகிய சூலைக்கு அறுவை செய்யப்பட்ட முதிய குதிரைகளும் இளையவற்றுக்குச் சமமான விகிதத்தில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பின என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் அறுவை மேசைவரை கொண்டுவரப்படும் கிழக் குதிரைகள் ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்டவை. தேறாது என்று தெரிந்தவற்றை யாரும் கொண்டுவருவதில்லை. வீடு திரும்பிய பிறகும் வாரக்கணக்கில் லாயத்துக்குள் அடைத்து வைக்க வேண்டும். மூட்டுவாதம் உள்ள, இரவும் பகலும் வெளியே மந்தையோடு உலவிப் பழகிய 24 வயதுக் குதிரைக்கு அந்த அடைப்பு என்ன செய்யும் என்பதை உரிமையாளர்தான் அறிவார்.

இந்த இடத்தில்தான் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. உங்கள் குதிரையை அந்த இரவு வண்டியில் ஏற்றுவீர்களா? ‘ஏற்றமாட்டேன், என் குதிரையை அந்தப் பாட்டுக்கு உள்ளாக்க மாட்டேன்’ என்பது பதிலானால், அறுவைச் செலவுக்கான காப்பீட்டுக்கு ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டியதில்லை. நடக்கப்போகாத சிகிச்சைக்கு முன்பணம் எதற்கு? ‘ஏற்றுவேன், ஆனால் கையில் பணமில்லை’ என்பது பதிலானால் காப்பீடு அவருக்குத்தான். 17, 18 வயது, நோய்ப் பாதுகாப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது, விலக்குகள் அதிகமில்லை, மற்றபடி திடமான குதிரை என்றால், நிறுவனம் தரும்வரை அதை விடக் கூடாது. ஒருமுறை விட்டால் அந்த வயதில் திரும்பக் கிடைக்காது. கிடைத்தாலும் பழைய நோய்கள் அத்தனையும் விலக்கப்பட்டே கிடைக்கும். அப்போதும் உச்சவரம்பைப் பார்க்க வேண்டும். 5,000 பவுண்டு வரம்பு என்று பாலிசியில் இருந்து, பில் 8,000 என்று வந்தால், மிச்சத்தை விடியற்காலை மூன்று மணிக்கு எங்கிருந்து புரட்டுவது?

எதிர்வாதம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காப்பீடு இருந்தால் பணத்தை நினைக்காமல், குதிரையின் நலத்தை மட்டும் நினைத்து முடிவெடுக்கலாம் என்பார்கள். பாதி உண்மை. பணம் கையில் இருப்பதாலேயே ‘எல்லாவற்றையும் செய்துபார்த்துவிடுவோம்’ என்று கிழட்டு உடம்பை இழுத்தடிப்பதும் நடக்கிறது. பிரீமியம் கட்டுவது பாசத்துக்குச் சாட்சி, நிறுத்துவது கைவிடுவதற்குச் சமம் என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. குதிரைக்கு அந்தக் கணக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு வேண்டியது நேரத்துக்குத் தீனி, சீரான குளம்பு, துணைக்கு இன்னொரு குதிரை.

விபத்துக்கு மட்டுமான பாலிசியை முழுக்க ஏளனம் செய்ய முடியாது. மந்தையில் உதை வாங்குவதும் கம்பியில் காலைக் கிழித்துக்கொள்வதும் ஓய்வுக் குதிரைக்கும் உண்டு. பார்வைக்கு விரல் நகமளவு காயம். ஆனால் அது மூட்டுப்பைக்குள் இறங்கி அழுக்கு நுழைந்துவிட்டால், மயக்கம் கொடுத்து மூட்டைக் கழுவியாக வேண்டும், ஆயிரக்கணக்கில் செலவாகும், தேறினால் முழுதாகத் தேறிவிடும். இதற்கு அந்த பாலிசி உதவும். கால் எலும்பு முறிந்தால் பெரும்பாலும் முடித்துவைக்கத்தான் நேரும். அதற்குக் காப்பீடு தேவையில்லை. கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சூலையை விபத்து என்று கொள்கிறார்களா? பல பாலிசிகள் கொள்வதில்லை. சூலை அறுவையைத் தனியாகச் சேர்த்துத் தரும் பாலிசி கிடைத்தால், அதுவே முதிய குதிரைக்கு ஓரளவு அர்த்தமுள்ள கொள்முதல்.

இதுவரை சொன்னதெல்லாம் எடுத்தாலும் விட்டாலும் உலகம் கவிழாத விஷயங்கள். கவிழ்த்துவிடக்கூடியது ஒன்று இருக்கிறது. அதைத்தான் பலர் மற்றவற்றோடு சேர்த்துக் கைகழுவுகிறார்கள்: மூன்றாம் நபர் காப்பீடு.

1996இல் ஓர் இரவு, டெவன் மாவட்டத்தில் ஒரு வயலில் நின்ற குதிரைகள் எதையோ கண்டு மிரண்டன. எதைக் கண்டு என்று கடைசிவரை தெரியவில்லை. மின்கம்பி வேலியையும் அதற்கு வெளியே இருந்த மரவேலியையும் தள்ளிக்கொண்டு, புதரைத் துவைத்து, ஏறத்தாழ ஒரு மைல் ஓடி நெடுஞ்சாலையில் ஏறின. காரில் வந்த ஒருவர் மோதிப் படுகாயமடைந்தார். உரிமையாளர்களிடம் கவனக்குறைவு இல்லை, வேலி சரியாகவே இருந்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 2003இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், அவர்கள்தான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின்படி, மிரண்டால் கண்மண் தெரியாமல் ஓடுவது குதிரையின் இயல்பு, அந்த இயல்பை அறிந்து வளர்ப்பவர் அதன் விளைவையும் சுமக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். மனிதருக்கு நேர்ந்த முடக்கத்துக்கான இழப்பீடு வீட்டை விற்றாலும் தீராத அளவுக்குப் போகக்கூடியது.

சேணம் பூட்டாத குதிரையால் என்ன ஆபத்து என்று நினைப்பவர்களுக்கு இந்த வழக்கே பதில். அங்கே ஓடிய குதிரைகளின் முதுகில் யாரும் இல்லை. ஓய்வுக் குதிரையை இன்னொருவரின் குதிரைக்குத் துணையாக இரவல் கொடுத்துவிட்டாலும் பொறுப்பு விடாது. வைத்திருப்பவர், சொந்தக்காரர் இருவரையுமே அந்தச் சட்டம் பொறுப்பாளி என்கிறது. இத்தனைக்கும் இந்தக் காப்பீடுதான் ஆக மலிவானது. குதிரைக்கு வயது என்ன என்று பெரும்பாலும் கேட்பதும் இல்லை. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி தன் கோல்டு உறுப்பினர்களுக்குச் சந்தாவுக்குள்ளேயே இதைச் சேர்த்துத் தருகிறது.

மற்றதற்குச் சேமிப்பே போதும் என்பது என் முடிவு. மாதம் 50 பவுண்டு பிரீமியம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 600, ஐந்தாண்டில் 3,000. தனிக் கணக்கில் போட்டால் அந்தப் பணம் விலக்கு பேசாது, 12 மாதத்தில் கெடு வைக்காது, மூட்டுவாதத்துக்கும் பெர்கோலைடுக்கும் பல்லுக்கும் ஒரே மாதிரி உதவும். குறை என்னவென்றால், மூன்றாம் மாதமே விபத்து வந்தால் கணக்கில் 150 பவுண்டுதான் இருக்கும். அதனால் பிரீமியத்தை நிறுத்தும் நாளிலேயே ஒரு தொகையை மொத்தமாகப் போட்டுத் தொடங்க முடிகிறவருக்குத்தான் இந்த வழி. குறைந்தபட்சம் கடைசிச் செலவாவது அதில் இருக்க வேண்டும். மருத்துவர் ஊசி போட்டோ துப்பாக்கியாலோ முடித்துவைப்பது, உடலை எடுத்துப்போவது இரண்டும் சேர்ந்து பல நூறு பவுண்டு ஆகும்; தனியாக எரியூட்டிச் சாம்பல் வேண்டுமென்றால் ஆயிரத்தைத் தாண்டலாம். சொந்த நிலத்தில் புதைக்க இங்கிலாந்தில் உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும். ஊசி மருந்து ஏறிய உடலை வேட்டைநாய்க் கொட்டில்கள் தீவனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை என்பதும் பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது.

காப்பீடு எடுப்பதென்று முடிவானால், நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கிளைம் வந்ததும் அவர்கள் முதலில் கேட்டு வாங்குவது மருத்துவரிடம் உள்ள குதிரையின் பழைய குறிப்புகளைத்தான். மறுத்துவிட்டால் நிறுவனத்திடம் முறையாகப் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால், அல்லது வந்த இறுதிப் பதில் ஏற்கும்படி இல்லாவிட்டால், ஃபைனான்சியல் ஓம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம்; கட்டணம் இல்லை.

இன்னொன்றும் செய்யுங்கள், காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். குதிரைக்கு அறுவை உண்டா இல்லையா, எவ்வளவு தொகைவரை, நீங்கள் தொலைபேசியில் கிடைக்காவிட்டால் கருணைக்கொலைக்குச் சம்மதம் சொல்லும் உரிமை யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, லாயப் பொறுப்பாளரிடமும் மருத்துவரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவையுங்கள். நீங்கள் விமானத்தில் இருக்கும்போது சூலை வந்தால், லாயத்தில் இருப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.